நாகஜோதியைப் பார்க்க வந்தவர்கள்

பொங்கல் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, வாசல் தெளிக்க வாளியும் கையுமாகப் பஞ்சவர்ணம் கதவைத் திறந்தபோது, தெருவில் நாற்பத்து மூன்று பேர் அவள் வீட்டையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள், மீசை அரும்பாதவர்களும் இருந்தார்கள், பேரன் எடுக்கிற வயதுக்காரர் இரண்டு பேரும் இருந்தார்கள். போடிநாயக்கனூர் முகம் மட்டும் அதில் ஒன்றுகூட இல்லை. யாரும் பேசவில்லை, இருமவில்லை, கால் மாற்றி நிற்கவில்லை. எல்லாரும் வலது கையை நெஞ்சுக்கு நேராக எதையோ பிடித்திருப்பதுபோல மடக்கி வைத்திருந்தார்கள், கையில் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, தண்ணி தெறிக்கும்" என்றாள் பஞ்சவர்ணம்.

அவர்கள் ஒன்றுபோல இரண்டடி பின்னால் போனார்கள். அவள் வாசல் தெளித்து, நாலு இழைக் கோலம் ஒன்றைப் போட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய், "ஏய் நாகு, ஒன்னையப் பாக்கத்தான் வந்திருக்காக போல. எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு" என்று மகளை எழுப்பினாள்.

நாகஜோதி சன்னல் வழியாகப் பார்த்தாள். நாற்பத்து மூன்று கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் லேசாக உயர்ந்து தாழ்ந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. எண்ணிக்கைகூட அதேதான்.

நாகஜோதிக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூ படித்தாள். அப்பா பால்பாண்டி, தினமும் விடியலில் ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஏற்றி இறக்குகிறவர். அம்மா பஞ்சவர்ணம் ஏலக்காய்க் கடையில் பச்சை, பழுப்பு, வெடித்தது என்று காய் பொறுக்குகிறவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாகஜோதி போனில் ஒரு துப்பாக்கி விளையாட்டு விளையாடுவாள். நூறு பேர் ஒரு தீவில் குதிப்பார்கள், சுற்றிலும் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் உயிரோடு இருப்பவர் ஜெயித்தவர். அதில் அவள் பெயர் 'மொளகா'. அவளுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் புல்லில் நடக்கிறானா சரளையில் நடக்கிறானா என்று கேட்டே சொல்லிவிடுவாள். அவள் விளையாடுவதை நேரலையில் வழக்கமாகப் பார்ப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர்.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஓர் அணி அவளுக்கு எழுதியிருந்தது. ஐந்து பேர் அணியில் ஓர் இடம் காலி. பிப்ரவரி பத்தாம் தேதி பயிற்சி முகாம், மார்ச்சில் அகில இந்தியப் போட்டி, இரண்டு வருஷ ஒப்பந்தம், தங்குவதும் சாப்பிடுவதும் அவர்கள் வீட்டில், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஆட்டம். போட்டி நடக்கிற தேதிகளும் ப்ளஸ் டூ பரீட்சைத் தேதிகளும் ஒன்றுமேல் ஒன்றாக விழுந்தன. திங்கட்கிழமை சாயங்காலம் அவள் அந்தக் கடிதத்தை நேரலையில் வாசித்துக் காட்டி, "என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். போ போ என்று பாதிப் பேரும் போகாதே என்று மீதிப் பேரும் எழுதினார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அணைத்தாள்.

அவள் யோசித்துச் சொல்வதற்காகத்தான் அவர்கள் வந்து நின்றார்கள்.

முதல் இரண்டு நாள் அந்தத் தெருவுக்கு அது ஒரு இடைஞ்சலாக இருந்தது, அவ்வளவுதான். நகராட்சியில் கூட்டுகிற அம்மா "காலத் தூக்குங்க சாமி" என்றால் அவர்கள் காலைத் தூக்கினார்கள், அவள் அடியில் கூட்டிவிட்டுப் போனாள். தண்ணீர் லாரி வந்தால் இரு பக்கமும் ஒதுங்கினார்கள். முனையில் டீக்கடை வைத்திருந்த அப்பாஸ் ஒரு தட்டு நிறைய டீயை ஏந்தி வரிசையாக நீட்டிக்கொண்டே போனார், ஒருத்தரும் வாங்கவில்லை. ஆனால் அவர்களை வேடிக்கை பார்க்க வந்த அடுத்த தெருக்காரர்கள் வாங்கிக் குடித்ததில் பத்து மணிக்கே பால் தீர்ந்தது. சுகாதார ஆய்வாளர் வந்து, இவர்கள் உண்பதில்லை, குடிப்பதில்லை, வெளிக்கு ஒதுங்குவதும் இல்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். காவல் நிலையத்திலிருந்து வந்த ஏட்டய்யா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏதாவது கோரிக்கை வச்சிருக்காங்களா?" இல்லை என்றதும் அவரும் போய்விட்டார். சின்னப் பிள்ளைகள் அவர்கள் முதுகில் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதின.

புதன்கிழமை அவர்கள் நூற்றுப் பத்துப் பேர். வெள்ளிக்கிழமை அறுநூறு. அவளைப் பற்றி எவரோ எங்கோ பேசியிருக்க வேண்டும். தெரு நிறைந்து, மாரியம்மன் கோயில் முக்கு வரை நின்றார்கள். நாகஜோதி பள்ளிக்கூடம் போனால் பாதிப் பேர் தெருவிலேயே நிற்க, மீதிப் பேர் பின்னாலேயே நடந்து வந்து, மைதானத்தில் வரிசையாக நின்று, வகுப்பறை சன்னல்கள் வழியாகப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். ஹெலன் டீச்சர் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தார், மின்தூண்டல், கரும்பலகை நிறையப் படம். நாகஜோதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மைதானத்தில் அங்கங்கே இடம் விட்டிருந்தது. இன்னும் ஒரு பக்கம் எழுதினாள். இன்னும் கொஞ்சம் பேர் இல்லை. போனது எந்த வழியென்று தெரியவில்லை. நின்ற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்ததும், விட்டுப்போன இடமெல்லாம் நிறைந்து, அதற்குமேலும் நிறைந்து, பேருந்து நிலையத்துக்குப் போகிற ரோடு வரை ஆட்கள் நின்றார்கள்.

அன்றிலிருந்து அவள் எண்ண ஆரம்பித்தாள். பல் விளக்கும்போது எண்ணினாள், தோசை தின்னும்போது எண்ணினாள், கணக்குப் பரீட்சைக்குத் திருப்பிப் பார்க்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணினாள். எண்ணிக்கை குறைந்தால் பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். கூடினால் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஒரே அளவில் நின்றால் அதுவும் பயமாக இருந்தது, ஏனென்றால் அடுத்து அது குறையத்தானே வேண்டும்.

தெருவும் மெல்ல மாறியது. பெண்கள் குழாயடிக்கு நல்ல சேலையில் வந்தார்கள். ஆண்கள் சட்டை இல்லாமல் வாசலுக்கு வருவதை விட்டார்கள். பக்கத்து வீட்டுச் சீனித்தாயின் புருஷன் போஸ், ஆறு வருஷமாக தினசரி குடித்துவிட்டு வந்து நடுத்தெருவில் நின்று அவளை ஏசுகிறவன், ஒரு நாள் வாயைத் திறந்து அறுநூறு முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தவன், அதற்கப்புறம் ஏசவே இல்லை. சீனித்தாய் ஒரு சொம்பு மோரோடு வந்து, "ஒம் புண்ணியத்துல காது குளுந்துச்சு நாகு, இவுகள இப்பிடியே நிக்கச் சொல்லு" என்று நாகஜோதியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

ஆனால் அடுத்த வாரமே சீனித்தாயின் தம்பி கம்பத்துக்குப் பக்கத்தில் லாரி மோதி இறந்துபோனான். எடுத்துவிட்டு வந்த மறுநாள், வாசலில் உட்கார்ந்து அழலாம் என்று அவள் தலையை விரித்துக்கொண்டு வெளியே வந்தாள். நாலாயிரம் பேர் நின்றார்கள். முன்வரிசையில் சில கண்கள் நாகஜோதியின் சன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பின. சீனித்தாய் தலையை முடிந்துகொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பஞ்சவர்ணம் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமென்று போய்ப் பார்த்தபோது, கிரைண்டரில் அரிசி இல்லை, மாவு இல்லை, வெறுங்கல் சுற்றிக்கொண்டிருந்தது; அதன்மேல் கவிழ்ந்து சீனித்தாய் அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணம் மகளிடம் அதைச் சொன்னாள். திட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

பால்பாண்டிக்கோ இரண்டு கால்களும் நிலத்தில் நிற்கவில்லை. இருபது வருஷமாக மலைமேல் ஏறி இறங்கி இடுப்பெலும்பு தேய்ந்தவர். அவரைப் பார்த்து ஒருத்தர் நின்றது கிடையாது. இப்போது இஸ்திரி போட்ட சட்டையில் ஜீப்பை எடுத்தார். கூட்டத்துக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போகும்போது கையை உயர்த்திக் காட்டினார்.

"கையெழுத்துப் போட்டுரு தாயி" என்றார் மகளிடம். "அப்பா சொல்றேன்ல. எல்லாருக்கும் ஒன்னு கைவராது. ஒனக்கு வந்திருக்கு. வர்றப்ப பிடிச்சுக்கணும்."

"பரீட்சை?"

"அடுத்த வருசம் எழுதிக்கலாம். தனியா எழுதுறவங்க இல்லையா?"

பஞ்சவர்ணம் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்தபடியே சொன்னாள்: "என்னைய எட்டாவதுல நிப்பாட்டினப்பவும் எங்கய்யா இதையேதான் சொன்னாரு. அடுத்த வருசம் போய்க்கலாம்னு. நல்ல மனுசன்தான். பொய் சொல்லணும்னு சொல்லல."

வெளியே சில ஆயிரம் கட்டைவிரல்கள் உயர்ந்து தாழ்ந்தன. பஞ்சவர்ணம் முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். சாத்திய சன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஹெலன் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அறிவுரை வரும் என்று நாகஜோதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போறியா இருக்கியான்னு நான் கேக்கப் போறதில்ல" என்றார் டீச்சர். "எனக்கே முப்பத்தாறு வயசுல இந்த வேலை வேணுமான்னு தெரியல. போறதா இருந்தா செய்முறைத் தேர்வுக்கு முன்னாடி சொல்லிரு, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போடணும். இருக்கிறதா இருந்தா மூணாவது பாடத்தைப் படி, அதுல ஒனக்கு ஒன்னும் தெரியல." சன்னல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் ஒன்னு. மத்த பிள்ளைங்க கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேங்குதுங்க. தப்பாச் சொல்லிருவோமோன்னு பயப்படுதுங்க. அதையும் யோசிச்சுக்க."

பிப்ரவரி முதல் வாரத்தில் அணியின் மேலாளர் நேரிலேயே வந்தான். நிகில் என்று பெயர், ஓசூர்க்காரன், இருபத்து மூன்று வயது. இரண்டு மணிக்கட்டிலும் தோல் நிறத்தில் பட்டை கட்டியிருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தபோது அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்து, ஒப்பந்தத்தை விரித்து, ஒவ்வொரு பக்கமாக விளக்கினான். மரியாதையான பையன். ஏலக்காய் தட்டிப்போட்ட டீயை இரண்டு தடவை வாங்கிக் குடித்தான்.

"நீங்களும் வெளையாடுனீங்களா தம்பி?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"ஆமாம்மா. மூணு வருஷம். ஒரு தடவை எங்க அணி ஃபைனல் ஜெயிச்சது."

"இப்ப?"

"இருபத்தொண்ணு, இருபத்திரண்டுல கை கொஞ்சம் மெதுவாயிடும்மா. ஒரு நொடியில பத்துல ஒரு பங்குதான். ஆனா அது போதும், தோக்கிறதுக்கு. அதான் இந்த வேலைக்கு வந்துட்டேன்."

"எது வரைக்கும் படிச்சிருக்கீக?"

"பத்தாவதும்மா." அவன் அதைக் கூச்சமில்லாமல்தான் சொன்னான்.

"ஒங்களப் பாக்கவும் இப்பிடி வந்து நின்னாகளா?"

நிகில் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க தெருவுல பதினோராயிரம் பேர்மா" என்றான். "பால்காரர் வர முடியாம அடுத்த தெருவுல வண்டிய விட்டுட்டு நடந்து வருவார்." அதைச் சொல்லும்போது அவன் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம்போல ஆகிவிட்டது.

"போனது எப்போ?" என்று கேட்டாள் நாகஜோதி.

"கவனிக்கல. ஒரு நாள் காலையில பால்காரர் நேரா வாசலுக்கே வண்டியில வந்தார். அப்பதான் பார்த்தேன்."

ஒப்பந்தத்தைப் பாயிலேயே வைத்துவிட்டு அவன் கிளம்பி வாசலுக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான பேரில் ஒரே ஒருவர், காதோரம் நரை விழுந்த ஒரு மனிதர், நாகஜோதியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார். நிகிலும் நின்றுவிட்டான். அந்த மனிதரின் கட்டைவிரல் உயர்ந்து, தாழாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவர் மறுபடி சன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நிகில் செருப்பை மாட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லு" என்றான். "இல்லன்னா நாக்பூர்ல ஒரு பையன் இருக்கான். நீ அவனைவிட நல்லா ஆடுற. ஆனா அவன் சரின்னு சொல்லிட்டான்."

அதற்கப்புறம் தெரு தூக்கம் கெட்டது. இருக்கச் சொல்கிறவர்களும் போகச் சொல்கிறவர்களும் நேரிலேயே வந்து சொன்னார்கள். அப்பாஸ், "நீ எதையும் முடிவு பண்ணாதத்தா, பரீட்சை வரைக்கும் இப்பிடியே யோசிச்சுக்கிட்டே இரு, நான் புதுசா ரெண்டு பெஞ்சு வாங்கிட்டேன்" என்றார். மேலத்தெருவிலிருந்து ஒரு தாய் தன் மகனைக் கூட்டிவந்து, இவன் கையையும் பார்த்துச் சொல்லும்மா, இவனுக்கும் வருமா என்று கேட்டாள். நாகஜோதி ஒவ்வொருத்தருக்கும் தலையை ஆட்டினாள். மனசுக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டால், அந்தப் பதிலைக் கேட்டதும் எத்தனை பேர் போவார்கள் என்ற கணக்குத்தான் முதலில் வந்தது. ஆட்டத்திலும் தடுமாறினாள். சரளைச் சத்தத்தைப் புல் என்று நினைத்து மூன்று முறை செத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்பாண்டி தோட்டத்துக்கு நாலு மூட்டை உரம் ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. "நானும் வர்றேம்ப்பா" என்றாள் நாகஜோதி. ஆள் ஏற்றாத வெறும் ஜீப், முன்னால் அப்பாவும் மகளும், பின்னால் உரமூட்டை. அதற்குப் பின்னால் ஆறாயிரம் பேர். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலை ஆரம்பித்தது. ஜீப் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பும்போது கீழே பார்த்தால், முந்தின வளைவு முழுக்க, அதற்கு முந்தின வளைவு முழுக்க, மூச்சு வாங்காமல், வேர்க்காமல், ஒரே நடையாக அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எதிரே இறங்கிய கேரள பஸ் அவர்களுக்காக ஒதுங்கி நின்றது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "யாரு, மொளகாவா?" என்று பால்பாண்டியிடம் கேட்டுவிட்டுப் போனார்.

பதினொன்றாவது வளைவில் மூடுபனி இறங்கியது. அந்த மலையில் அது எப்போதும் வருவதுதான். முதலில் பள்ளத்தாக்கு மறைந்தது, பிறகு ரோட்டோரத் தடுப்புச் சுவர் மறைந்தது, பிறகு ஜீப்பின் முகப்பே மறைந்தது. பால்பாண்டி ஓரமாக நிறுத்தி, விளக்கைப் போட்டு, கைப்பிரேக்கை இழுத்தார்.

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அவர்கள் அங்கேதான் நின்றார்கள். ஆனால் அவளைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். பொங்கலுக்கு அப்புறம் முதல் தடவையாக அவள் தோள்பட்டை தானாக இறங்கியது. இத்தனை நாள் அதைத் தூக்கிவைத்திருந்தோம் என்பதே அப்போதுதான் தெரிந்தது. வாய் கோணிக்கொண்டு வந்தது. அழுதாள், மூக்கு ஒழுக, சத்தமாக.

பால்பாண்டி பயந்துபோய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார். "என்னத்தா? என்ன செய்யுது?"

"பயமா இருக்குப்பா."

"பெங்களூருக்குப் போறதுக்கா?"

"இல்ல."

"பரீட்சைக்கா?"

"இல்லப்பா. இவங்க போயிருவாங்கன்னு." அவள் துண்டில் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு அந்த வெளையாட்டு பிடிக்கும்ப்பா. கடைசியா அந்த வட்டம் சின்னதாகி, ஒரே ஒருத்தன் மிச்சம் இருக்கப்ப, அவன் மூச்சு வாங்குறது கேக்கும். அது அவ்வளவு பிடிக்கும். ஆனா நேத்து கையெழுத்துப் போடலாம்னு பேனா எடுத்தேன்ல, அதுக்காக எடுக்கல. போடலன்னா நாளைக்குக் காலையில தெரு காலியா இருக்குமேன்னுதான் எடுத்தேன். அந்தப் பயத்துல கையெழுத்துப் போட்டா அங்க போயும் அதே பயத்துலதானப்பா ஆடணும்?"

பால்பாண்டி கண்ணாடித் துடைப்பானை ஓடவிட்டார். அது இடமும் வலமுமாகப் போய் ஒன்றுமில்லாததைத் துடைத்தது.

"எனக்கு வருத்தந்தான்" என்றார் கடைசியில். "இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு பத்து நாளா நான் இறங்கி வந்தா ஆளுக தெரிஞ்ச மாதிரி பாக்குறாக. அது நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்ப்பா."

"ஒங்கம்மாகிட்ட சொல்லாத."

"அம்மாவுக்கும் தெரியும்ப்பா."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பனி விலகுவதற்குள் நாகஜோதி போனை எடுத்தாள். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டியது. நிகிலுக்கு நாலு வரி எழுதி அனுப்பினாள்: பரீட்சை எழுதப் போகிறேன், அதற்கப்புறமும் ஆடுவேன், காத்திருக்க முடியாது என்று தெரியும், நீங்கள் வீட்டுக்கு வந்ததற்கு நன்றி. அது போய்ச் சேர நேரம் பிடித்தது. போய்ச் சேர்ந்ததும் கீழே இறங்கி, கலையத் தொடங்கியிருந்த பனிக்குள் நின்றுகொண்டு, "யோசிச்சுட்டேன்" என்று கத்தினாள். "பரீட்சை எழுதப் போறேன்!"

உரத்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒவ்வொரு வளைவிலும் அவர்கள் குறைந்தார்கள். ஒன்பதாவது வளைவில் பாதிப் பேர் இல்லை. நாலாவது வளைவில் ரோடு வெறிச்சென்று தெரிந்தது. போடிக்குள் ஜீப் நுழைந்தபோது பின்னால் இருநூறு பேருக்குமேல் இல்லை. நாகஜோதி எண்ணாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை, எண்ணினாள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, தெருவில் பத்தோ இருபதோ பேர் மட்டும் மிச்சமிருந்தபோது, சீனித்தாய் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்து, தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரம் அடக்கிவைத்த ஒப்பாரியை எடுத்தாள். கடைக்குப் போயிருந்த பஞ்சவர்ணம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்று சாயங்காலமே போஸ் குடித்துவிட்டு வந்து நடுத்தெருவில் நின்று ஏசினான். சீனித்தாய் நாகஜோதியின் வீட்டைப் பார்த்தாள். நாகஜோதிக்கு அந்தப் பார்வை பரீட்சை வரைக்கும் கூடவே வந்தது. ஆனால் மூன்றாம் நாள் போஸ் வாயைத் திறந்தபோது, அப்பாஸ் தன் புதுப் பெஞ்சுகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சீனித்தாய் வாசலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து அவனைப் பார்த்தார். பஞ்சவர்ணமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இன்னும் நாலு பேர் வந்தார்கள். அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்கி உள்ளே போனான். அதற்கப்புறம் அந்தப் பெஞ்சு அங்கேயே கிடந்தது.

பரீட்சை நடந்தது. இயற்பியலில் நாகஜோதிக்கு அறுபத்தொன்று வந்தது, மூன்றாவது பாடத்தில் கேட்ட ஐந்து மதிப்பெண் கேள்வியை அவள் தொடவே இல்லை. நாக்பூர்ப் பையன் போட்டியில் ஜெயித்தான். அந்தக் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஜெயித்த ஆட்டத்திலும் அவன் கேட்கத் தவறிய ஒரு காலடியை நான் கேட்டிருப்பேன் என்று அவள் சுவரைக் குத்தினாள், விரல் வீங்கியது. பின்னால் மதுரையில் கல்லூரி விடுதியில் நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் ஓர் அணி கட்டியதும், அது சில போட்டிகளில் தோற்றதும் சிலவற்றில் ஜெயித்ததும் உண்டு. சரியாகச் செய்தோமா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த நாள் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. கடைசிப் பரீட்சையன்று மத்தியானம், அவள் மைக்கறை பட்ட விரலோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது, வேப்ப மரத்தடியில் ஒரே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தது. அவள் வயதுப் பெண். சிறிய கண், வட்ட முகம், சாயம்போன பச்சைச் சட்டை. வலது கை நெஞ்சுக்கு நேராக மடங்கியிருந்தது. இத்தனை ஆயிரம் பேரில் நாகஜோதி அந்த முகத்தை ஒரு முறையும் தனியாகப் பார்த்ததில்லை.

"பரீட்சை முடிஞ்சுருச்சு" என்றாள் நாகஜோதி அவளிடம். "இனிமே பாக்க ஒன்னும் இல்ல."

அந்தப் பெண்ணின் கை மெதுவாகக் கீழே இறங்கியது. உதடு வெடித்திருந்தது. வந்தவர்களில் யாரும் பேசியதில்லை, இவள் பேசினாள், இந்தியில், ரொம்ப நாள் பூட்டிய கதவைத் திறக்கிற குரலில்: "தண்ணி இருக்கா?"

விளையாடும்போது கற்றுக்கொண்ட இந்திதான் நாகஜோதிக்கு. பாட்டிலைக் கொடுத்தாள். அந்தப் பெண் முழுப் பாட்டிலையும் குடித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, பஞ்சவர்ணம் போட்டுக்கொண்டே இருக்க, மூன்று தட்டுச் சோறும் ரசமும் சாப்பிட்டாள். பெயர் ஜூரி என்றாள். அஸ்ஸாமில், ஜோர்ஹாட் பக்கத்தில் ஒரு ஊர். நீ என்ன முடிவு செய்வாய் என்று தெரிந்துகொண்டு போகலாமென்று நின்றேன், பிறகு போக முடியவில்லை என்றாள்.

"நீ என்ன படிக்கிறே?" என்று கேட்டாள் நாகஜோதி.

"பன்னிரண்டாவது."

"பரீட்சை?"

ஜூரி தட்டில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையை விரலால் நகர்த்தினாள். "முடிஞ்சிருக்கும்" என்றாள்.

பஞ்சவர்ணத்துக்கு மொழி புரியவில்லை, முகம் புரிந்தது. "வீட்டுக்குப் பேசச் சொல்லு நாகு. மொதல்ல பேசச் சொல்லு."

நாகஜோதி போனை நீட்டினாள். ஜூரி எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, வாசல்படியில் போய் உட்கார்ந்து காதில் வைத்தாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது, கேட்டதும் ஜூரியின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். டீக்கடை வாசலில் நின்ற அப்பாஸ் அடுப்புப் பக்கம் திரும்பினார். தெருவில் ஒவ்வொரு சன்னலாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. நாகஜோதி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள், அந்தப் பெண் பேசி முடிக்கிற வரைக்கும்.